திருட்டு சிடில இருந்து குலுக்கல் வரைக்கும்: சீனா கேம் எப்படி காசு பாத்துச்சு

சீனா கேம் கம்பெனிங்க எப்படி இவ்ளோ பெருசாச்சுன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது திருட்டு சிடிய தான். 2000ல பசங்க கெட்டுப்போறாங்கன்னு சொல்லி டிவில மாட்டி ஆடுற கேம் கன்சோல் விக்கவே தடை போட்டுட்டாங்க, அது 2014ல தான் தளர ஆரம்பிச்சுது, சரி கம்ப்யூட்டர்ல கேம் விக்கலாம்னா ஒரு சிடி வெளிய வந்த உடனே தெருவுல காப்பி குவிஞ்சிரும், அப்புறம் எவன் ஒரிஜினல் வாங்குவான்?

அதுக்கு ஷாண்டான்னு ஒரு கம்பெனி 2001ல கொரியாவோட லெஜண்ட் ஆஃப் மிர் 2ன்ற ஆன்லைன் கேம கொண்டு வந்து வேற ரூட்ல போச்சு. சிடி எவன் வேணா காப்பி அடிச்சுக்கோ, அதுல வெறும் படமும் சத்தமும் தான் இருக்கு. உன் கேரக்டரோட லெவல், கத்தி, தங்கம் எல்லாம் கம்பெனி சர்வர்ல இருக்கு, உள்ள நுழையணும்னா பிரவுசிங் சென்டர்ல கார்டு வாங்கி நம்பர் போடணும், ரீசார்ஜ் கார்டு மாதிரியே. அதாவது வித்தது கேம் இல்ல, நேரம். (அப்புறம் சர்வர் கோடே லீக் ஆகி தனி சர்வர் நடத்துனவங்களும் உண்டு, விடமாட்டாங்களே!)

2006ல ஷி யூஜூவோட ஜெயன்ட் கம்பெனி இசட்டி ஆன்லைன்னு ஒண்ணு விட்டுச்சு, ஆட காசே வேணாம், ஜெயிக்கணும்னா தான் காசு. சும்மா ஆடுற கூட்டம் இருந்தா தானே காசு போட்டவன் அவங்கள அடிச்சு கெத்து காட்ட முடியும், அதனால ஓசில ஆடுறவனும் ஒரு வகையில சரக்கு தான்.

அடுத்தது குலுக்கல், காச்சான்னு சொல்வாங்க, காசு கட்டி இழுக்கணும், எந்த கேரக்டர் விழும்னு அதிர்ஷ்டம் தான், ஐடியா ஜப்பானோடது. ஷாங்காய் மிஹோயோ 2020ல விட்ட கென்ஷின் இம்பாக்ட்ல 5 ஸ்டார் கேரக்டர், அதாவது ரொம்ப அபூர்வமானது, விழுற சான்ஸ் ஒரு தடவைக்கு 0.6%. கணக்கு போட்டு பாருங்க, 100 பேர் ஆளுக்கு 90 தடவ இழுத்தாலும் சுமார் 58 பேருக்கு ஒண்ணுமே விழாது, அத்தனை பேரும் கடுப்பாகி போயிருவாங்க. அதனால 90வது தடவ கண்டிப்பா ஒரு 5 ஸ்டார் தர்றாங்க. இங்க தான் சூட்சுமம், 70 தடவ இழுத்தவன் "இன்னும் 20 தானே"ன்னு நெனப்பான், விட்டுட்டு போக மனசு வராது. அந்த 5 ஸ்டாரும் நீங்க கேட்ட ஆளா இருக்குமான்னு முதல் தடவ கேரண்டி கிடையாது, அது தான் எனக்கு எரிச்சல்.

2017லயே குலுக்கல் சான்ஸ் எவ்ளோன்னு வெளிய போடணும்னு சீனா ரூல் கொண்டு வந்துச்சு. 2021ல 18 வயசுக்கு கீழ உள்ளவங்க வெள்ளி, சனி, ஞாயிறு, லீவு நாள்ல மட்டும் ராத்திரி 8 டூ 9 ஆன்லைன் கேம் ஆடலாம்னு சொல்லிட்டாங்க.

இதெல்லாம் ஓடிட்டு இருக்கும்போதே 2024 ஆகஸ்ட்ல பிளாக் மித் வுகாங்னு ஒரு சீனா கேம் வந்துச்சு. பழைய சிடி காலத்து வியாபாரம் தான், 268 யுவான் ஒரே தடவ கட்டுனா கேம் முழுசும் உங்களுது, குலுக்கலும் இல்ல ஒண்ணும் இல்ல. 3 நாள்ல 1 கோடி காப்பி போச்சு.