ரீமேப்புக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

பட்டறைக்கு வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, மேப் போட்டா எவ்வளவு பவர் ஏறும்?" கேட்பதில் தப்பில்லை. இன்றைய சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவில் இருக்கும் மென்பொருளை மட்டும் மாற்றி (மேப், ரீமேப் என்பது இதுதான்), டார்க்கை, அதாவது இன்ஜின் கொடுக்கும் திருகுவிசையை, மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் கூட்டிவிட முடிகிறது. லேப்டாப்பை மாட்டினால் ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஏறின பவரில் எவ்வளவு ரோட்டில் இறங்கும், எந்த கியரில் இறங்கும்?

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முன்சக்கரங்கள் இழுக்கிற ஒரு ஹேட்ச்பேக், ஓட்டுநரோடு சேர்த்து 1,150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது அதில் சுமார் 60 சதவீத எடை முன்பக்கம் இருக்கும், அதாவது 690 கிலோ. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டியின் மூக்கு தூக்கும், நூறு கிலோவுக்கு மேல் பின்னால் போய்விடும். இழுக்க வேண்டிய சக்கரங்கள், இழுக்கிற நேரம் பார்த்துத்தான் லேசாகின்றன. முன்சக்கர வண்டியின் அடிப்படைச் சங்கடமே இதுதான். காய்ந்த தார்ச்சாலையில் சுமாரான நல்ல டயர் போட்டிருந்தால், அந்த இரண்டு சக்கரமும் சேர்ந்து தாங்கக்கூடிய இழுவிசை ஏறக்குறைய 5,100 நியூட்டன். மழையில் அது 3,300 அளவுக்கு இறங்கிவிடும்.

இனி இன்ஜின் பக்கம் வருவோம். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் மாதிரி 175 நியூட்டன் மீட்டர் டார்க் என்று எடுத்துக்கொள்வோம். இரண்டாவது கியரில் மொத்தப் பற்சக்கர விகிதம் 8 இருந்தால், டயரின் ஆரத்தையும் வழியில் போகும் இழப்பையும் கணக்கில் எடுத்தபின், சக்கரத்துக்கு வந்து சேரும் விசை சுமார் 4,200 நியூட்டன். டயர் தாங்கும். அதையே ரீமேப் பண்ணி 240 ஆக்கினால் 5,700-ஐத் தாண்டும். காய்ந்த ரோட்டிலேயே இரண்டாவது கியரில் டயர் சுழலும். மூன்றாவது கியரில் 3,800 வரும். வெயிலில் பிரச்சினையில்லை, மழையில் அந்த கியரிலும் பிடி விட்டுப்போகும். முதல் கியரைப் பற்றிப் பேசவே வேண்டாம், அங்கே கம்பெனி கொடுத்த டார்க்கே டயருக்கு அதிகம். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் இந்த மாதிரி முன்சக்கர வண்டிகளில் கணக்கின் போக்கு பெரும்பாலும் இதேதான்: ரீமேப்புக்குக் கொடுத்த காசு முழுசாக வேலை செய்வது மூன்றாவது கியரிலிருந்துதான். அதற்குக் கீழே டயர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் உங்களுடையது.

பவரை அளக்கும் டைனோ இயந்திரம் தரும் ஷீட்டில் இது எதுவும் தெரியாது. உருளை டைனோவில் வண்டியைப் பட்டையால் இழுத்துக் கட்டி, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஓடவிடுவார்கள். ஹப் டைனோ என்றால் சக்கரத்தையே கழற்றிவிட்டு அளப்பார்கள். இன்ஜினை அளக்க இரண்டுமே நல்ல கருவிகள். இரண்டாவது கியரில், லேசாக மணல் கிடக்கும் ரவுண்டானாவில் வண்டி என்ன செய்யும் என்று அவை சொல்லாது. அந்த ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் வைப்பவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை, அது அவரவர் சந்தோஷம்.

எங்களிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். வேறொரு இடத்தில் மேப் போட்ட டர்போ ஹேட்ச்பேக். மேப் போட்டதும் பறந்தது, இப்போது 'பிக்கப் விழுந்துவிட்டது', இன்னும் பெரிய மேப் வேண்டும் என்றார் அந்தத் தம்பி. வண்டியை ஓட்டி, ஈசியூவின் பதிவை (லாக்) எடுத்துப் பார்த்தோம். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கியரில் முன்சக்கர வேகமும் பின்சக்கர வேகமும் ஒட்டவே இல்லை, சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோல் ஒவ்வொரு முறையும் பவரை வெட்டிக்கொண்டிருந்தது. குனிந்து டயரைப் பார்த்தால், பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத் தேதி ஏழு வருடத்துக்கு முந்தையது. கட்டை (டயரின் பள்ள ஆழம்) நிறைய இருந்தது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. மேப்பைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றினோம். விழுந்த பிக்கப் அப்படியே திரும்பி வந்தது.

அந்தத் தேதியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பக்கத்திலேயே பல டயர்களில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு குறைவோ, ரப்பர் பொதுவாக அவ்வளவு மென்மை, பிடி அதிகம், தேய்மானமும் அதிகம். 200 எழுதிய டயர் ட்ராக்குக்குப் போகிறவர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு தினமும் ஆபீஸ் போனால் பர்ஸ் தாங்காது. 300-க்குப் பக்கத்தில் இருப்பவை தெருவில் ஓடும் வேகமான வண்டிக்கு ஒத்துவரும். கம்பெனியோடு வந்த டயர்கள் பெரும்பாலும் மைலேஜையும் ஆயுளையும் மனதில் வைத்துச் செய்தவை. அவற்றின் மேல் 40 சதவீத டார்க்கை ஏற்றிவிட்டு அவற்றைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் ட்ரெட்வேர் எண்ணைக் கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்கின்றன. ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-உடன் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அளவுதான். அகலமான டயர் போட்டால் அந்த இடம் பிரமாதமாகப் பெருகிவிடும் என்று நினைக்கிறார்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும். திருப்பத்தில் அது உதவும். தேங்கிய மழைத்தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். அதனால் 185 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 195 அல்லது 205 போதும், ரப்பரின் தரத்தில் காசைப் போடுங்கள் என்பேன். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை கட்டை இருந்தால் போதும். வேகமான வண்டியில் மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

காற்று விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கோபம் வரும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை. பெட்ரோல் பங்கில் தம்பி அடித்துவிடும் 38 பிஎஸ்ஐ-தான் கணக்கு. அதுவும் மத்தியான வெயிலில், சூடான டயரில். காலையில் வண்டி எடுக்கும் முன் சொந்த கேஜில் பாருங்கள். இருபது ரூபாய்கூடச் செலவில்லாத இந்த வேலையில் கிடைக்கும் பிடிக்காகச் சிலர் ஆயிரக்கணக்கில் சாமான் வாங்குகிறார்கள்.

டயர் சரியானதும் மேப்புக்கு வரலாம். நல்ல ட்யூனர் முதலில் பார்ப்பது டார்க் எப்படி ஏறுகிறது என்பதை, உச்ச எண் அப்புறம்தான். சின்ன டர்போவில் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குப் பக்கத்திலேயே முழு டார்க்கும் திடீரென வந்து விழும், டயர் அந்த அடியில்தான் பிடியை விடுகிறது. அதே டார்க்கைக் கொஞ்சம் சாய்வாக, 2,500 சுற்று வரை மெல்ல ஏற்றினால் டயர் தாக்குப்பிடிக்கும். பல ஈசியூக்களில் கியர்வாரியாக டார்க்குக்கு வரம்பு வைக்கலாம். முதல் இரண்டு கியரில் குறைத்து, மூன்றாவதிலிருந்து முழுசாகத் திறந்துவிடலாம். இப்படிச் செய்த வண்டி ஓட்டும்போது சாதுவாகத் தோன்றும், நிறையப் பேருக்கு அதனாலேயே பிடிக்காது. ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தால் சாதுதான் முன்னால் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ட்ராக்ஷன் கன்ட்ரோலும், வண்டி வழுக்கிச் சுற்றாமல் காக்கும் இஎஸ்பியும், தானியங்கி கியர்பாக்ஸும், இன்ஜின் இப்போது எவ்வளவு டார்க் கொடுக்கிறது என்று ஈசியூ சொல்வதை நம்பித்தான் இயங்குகின்றன. சில மலிவு மேப்களில் உண்மையில் 240 வந்தாலும் ஈசியூ குறைவாகச் சொல்லும்படி விட்டுவிடுகிறார்கள். அப்போது ட்ராக்ஷன் கன்ட்ரோல் வெட்ட வேண்டிய அளவு வெட்டாது, கியர்பாக்ஸ் கிளட்சைப் போதிய அழுத்தத்தில் பிடிக்காது. போலோ ஜிடியில் வந்த ஏழு கியர் தானியங்கி கியர்பாக்ஸான டிஎஸ்ஜி, 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்ட உலர் கிளட்ச் பெட்டி. 240-இல் விளிம்பில்தான் நிற்கிறோம். டீசல் வண்டிகளில் மாட்டும் ட்யூனிங் பாக்ஸ்களில் பலவும் இதே தந்திரம்தான்: எரிபொருள் அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியூவை நம்பவைத்து அதிகம் ஊற்ற வைக்கின்றன. ஈசியூ டார்க்கைக் கணக்கிடும் இந்த முறைக்கு டார்க் மாடல் என்று பெயர்; மேப் போடுகிறவரிடம் "டார்க் மாடலைச் சரிபண்ணினீர்களா" என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் கிளம்பி வந்துவிடலாம்.

இஎஸ்பி பட்டனை அணைத்துவிட்டு ஓட்டினால் வண்டி வேகமாகப் போகும் என்பது தெருவில் உலவும் இன்னொரு நம்பிக்கை. மணலிலோ சேற்றிலோ சிக்கியபோது அது உதவும். பைபாஸில் அணைத்தால், நீங்கள் சம்பாதித்தது புகையும் கருப்புக் கோடும்தான்.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை, பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி விறைப்பு அதிகமாகி வந்தவை. நம் ரோட்டில் கல் மாதிரி விறைப்பான ஸ்பிரிங் போட்டால் சக்கரம் பள்ளத்தைத் தொடராமல் குதிக்கும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடி ஏது? வண்டியின் உயரத்தை இறக்கிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டுவதும் சகஜம். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதிச் சாய்வு, அதிகமாக உள்நோக்கிப் போனால் நேர்கோட்டில் டயரின் உள்விளிம்பு மட்டும் வேலை செய்யும். அழகுக்காக ஸ்பேசர் என்ற இடைத்தட்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் பிடுங்குவது இன்னும் கூடும்.

டயர் சுழலும்போது முன்பக்கம் 'டபடப'வென்று குதித்து டாஷ்போர்டே ஆடுகிறதா? அது வீல் ஹாப். அந்த நிலையில் காலை எடுக்காமல் அழுத்தினால் ஆக்ஸிலோ, அதன் முனையில் இருக்கும் சிவி ஜாயிண்டோ உடையும். காரணம் பெரும்பாலும் கிழிந்த கீழ் இன்ஜின் மவுண்ட், அல்லது தளர்ந்த கன்ட்ரோல் ஆர்ம் புஷ். பவர் கூட்டுவதற்கு முன் மாற்ற வேண்டிய சாமான்களில் விலை குறைந்தவை இவை.

எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்ஜெட் இருந்தால், வேறு எல்லாம் முடிந்திருந்தால், போடலாம். இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் சமமான டார்க்கைத்தான் கொடுக்கும். கல்லட்டி மலைப்பாதைக் கொண்டை ஊசியில் உள்சக்கரம் லேசாகி அது ஐம்பதுதான் தாங்கும் என்றால், வெளிச்சக்கரத்துக்கும் ஐம்பதுதான் கிடைக்கும். ஹெலிகல் வகை எல்எஸ்டி அந்த வெளிச்சக்கரத்துக்கு அதிகம் அனுப்பும். சத்தமில்லை, தனிப் பராமரிப்பும் இல்லை, தெருவுக்கு அதுதான் தோது. பிளேட் வகை பந்தயக்காரர்களுக்கு. ஆனால் ஒரு சக்கரம் முழுசாகக் காற்றில் தூக்கிவிட்டால் ஹெலிகலும் கைவிரிக்கும். அதனால்தான் ஸ்பிரிங்கை முதலில் பேசினேன்.

பின்சக்கரம் இழுக்கும் பழைய ஜெர்மன் செடான்களை வாங்கி மேப் போடுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அங்கே எடை பின்னால் போவது சாதகம், ஆகவே நேர்கோட்டில் சமாளிக்கும். திருப்பத்தில் பிடி விட்டால் முன்சக்கர வண்டி மாதிரி நேராக வழுக்காது, வால் சுற்றிக்கொண்டு வரும். டயரின் பிடி ஒரே கையிருப்பு. திரும்புவதற்கு எவ்வளவு செலவாகிறதோ அதுபோக மீதிதான் இழுக்க. ஈர ரோட்டில் பாதித் திருப்பத்தில் டர்போ விழித்துக்கொண்டால் மீதி ஒன்றும் இருக்காது. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதல் அரைமணி நேரமும், மேம்பாலத்து இரும்பு இணைப்புகளும், சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்டும் இந்த வண்டிகளுக்கு எதிரி. இன்னொன்று, இரண்டே டயர் புதுசாக வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும், எந்தச் சக்கரம் இழுத்தாலும் சரி. வாடிக்கையாளரோடு அதிகம் வாக்குவாதம் நடப்பது இதில்தான்.

பிரேக் பற்றி ஒரே வரி: பழைய பிரேக் ஆயிலை மாற்றாமல் மேப் போட வராதீர்கள். டிஓடி 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு கிளெய்மைத் தடுக்கக்கூடும். எங்களிடம் வேலை முடித்துப் போகிறவர்களிடம் இதை எழுத்தில் கொடுத்து விடுகிறோம்.

வண்டியின் எல்லையைத் தேடிப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு இடம் இருக்கிறது. கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக். ட்ராக் நாளுக்குப் போகும்போது கேஜ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில சுற்றுகளிலேயே டயரில் அழுத்தம் நன்றாக ஏறிவிடும், அதைக் குறைத்துத்தான் ஓட்டுவீர்கள். மாலையில் டயர் ஆறினதும் அந்தக் காற்று ரோட்டுக்குப் போதாது. கேட்டைத் தாண்டுவதற்கு முன் மறுபடி ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.