‘காசு அக்காகிட்ட இருக்கு’: கருவில் மதுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களே துணை

கர்ப்ப காலத்தில் தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அதை முறிக்கும் அளவுக்குக் கருவின் கல்லீரல் வளர்ந்திருக்காது. அதிகம் அடிபடுவது மூளைதான். பீர், ஒயின், சாராயம், பிராந்தி எதுவும் விலக்கல்ல. இத்தனை மில்லி வரை பரவாயில்லை என்ற கணக்கும் கிடையாது. இப்படி உண்டாகும் பாதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து எஃப்.ஏ.எஸ்.டி. (Fetal Alcohol Spectrum Disorders) என்று பெயர். 1968-இல் பிரான்சின் நாந்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973-இல் சியாட்டில் மருத்துவர்கள் இதன் கடுமையான வடிவத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். நாமோ இன்னமும் இதைக் குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயமாகவே நினைக்கிறோம்.

மனநல சமூகப் பணியாளராகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நான் சந்திப்பவர்கள் வளர்ந்தவர்கள். எஃப்.ஏ.எஸ்.டி. என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. ‘வேணும்னே பண்றான் சார்’, ‘நேத்து சொன்னது இன்னைக்கு மறந்துடுது’, ‘வாயத் திறந்தா பொய்’ என்று வீட்டார் கூட்டிவருகிறார்கள். மேலுதடு மெலிந்து, மூக்குக்குக் கீழே பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருப்பது பாடப்புத்தக அடையாளம். பெரும்பாலானவர்களுக்கு அந்த முகமே இருக்காது. பார்க்க நன்றாக இருப்பார்கள், சரளமாகப் பேசுவார்கள். ஆனால் மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடும். நேரம், காசு இரண்டும் கைக்குள் நிற்காது. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக ஏதாவது கதை வைத்து அடைக்கும். அதைத்தான் பொய் என்கிறோம். அதட்டிக் கேட்டால் செய்யாததையும் ஒப்புக்கொள்வார்கள் என்பதால் காவல் நிலையத்தில் இவர்கள் நிலைமை ரொம்பவே மோசம்.

புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு என்று கடலூரிலிருந்து எல்லை தாண்டி வருபவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேச்செல்லாம் ஆண்களைப் பற்றி. சித்தாள் வேலை, மீன்கூடை, நடவு என்று உடம்பு நொந்துபோன பெண்கள் வலி மறக்கக் கொஞ்சம் குடிப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வசதியான வீடுகளிலும் இது உண்டு, இன்னும் மூடி மறைத்தபடி. நாள் தள்ளிப்போனதைக் கவனிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடியிருக்கும். அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவள் வாய் திறக்கப் போவதில்லை. அவள் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்பதும் சரியாகத் தெரியப் போவதில்லை.

எங்களிடம் வரும் சில இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். கூட்டத்தை நடத்துவது அவர்களேதான். அதில் ஒருவர் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்க்கிறார். அன்றாடக் கூலி. காசு கைக்கு வந்ததும் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். செலவுக் கணக்கு எழுத நான் நோட்டு கொடுத்திருந்தேன், ‘முடியாது என்று சொல்லிப் பழகு’ என்றும் சொல்லியிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் புதுச்சேரி துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: “அண்ணே, உங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது. எனக்கும் வராது. காசு வாங்கின உடனே வீட்ல அக்காகிட்ட குடுத்துடுங்க. எவன் கேட்டாலும் ‘காசு அக்காகிட்ட இருக்கு’ன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்ல பாருங்க.” இப்போது அவர் அதைத்தான் சொல்கிறார். இருக்கிற மூளையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ‘எனக்கும் வராது’ என்ற சொல்லை எந்த நிபுணரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

வெளிநாட்டிலும் இப்படித்தான். கனடாவின் மைல்ஸ் ஹிம்மல்ரைக் உள்ளிட்ட, எஃப்.ஏ.எஸ்.டி. உள்ள சிலர் தாங்களே கேள்விகள் தயாரித்து, தங்களைப் போன்ற ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்டார்கள். சிறு வயதிலேயே மூட்டுவலி, காது, இதயம், நோயெதிர்ப்புக் கோளாறுகள் என்று பதில்கள் குவிந்தன. மூளையையும் நடத்தையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்களை உடம்பையும் பார்க்க வைத்தது அந்தக் கேள்விகள்தான்.

அதற்காக அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கூட்டம் ஒரே இடம், ஒரே நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம் என்று இருக்க வேண்டும். முந்தின நாளும் அன்று காலையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போக வேண்டும். எழுதி அனுப்பினால் பாதிப் பேர் படிப்பதில்லை. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதற்குப் போட்டோ. போன மாதம் தனியாக வந்தவர் இந்த மாதம் வழி தவறலாம், அது அலட்சியமல்ல. சண்டை வந்தாலோ, யாராவது உயிரை விட்டுவிடுவேன் என்று பேசினாலோ பொறுப்பு பணியாளருடையது. நடத்துபவர் தலையில் அதைக் கட்டக்கூடாது. நடத்துபவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். சேவை மனப்பான்மை என்று சொல்லி இவர்களிடம் இலவசமாக வேலை வாங்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இன்னொன்று. செப்டம்பர் 9 இதற்கான விழிப்புணர்வு நாள். ஒரு கல்லூரியில் இவர்களை மேடையேற்ற அழைத்தார்கள். துணிக்கடைப் பெண் மறுத்துவிட்டாள். “குடிச்சா இப்படித்தான் புள்ள பொறக்கும்னு என்னைக் காட்டுவாங்க. எங்கம்மாவ எல்லார் முன்னாடியும் நிக்க வச்ச மாதிரி ஆயிடும்.” எங்கே, யாரிடம், எதுவரை பேசுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அன்றே கூட்டத்தில் விதி போட்டார்கள். நானும் அதற்குக் கட்டுப்பட்டவன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் சிக்கல் தொடர்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் எஃப்.ஏ.எஸ்.டி. பெயர் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு என்று விண்ணப்பித்தால் ஐ.க்யூ. பார்ப்பார்கள், பலருக்கு அது வரம்பான 70-க்கு மேல் இருக்கும். ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது ஐ.க்யூ.வோடு நின்றுவிடாமல், அன்றாட வாழ்க்கைத் திறன், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியவற்றையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலத் துறையிலோ குழந்தைகள் துறையிலோ இதைக் கேட்கலாம். கர்ப்ப காலத்தில் குடித்தது தெரிந்திருந்தால், தாயைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டு, அதையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவுக்கு இப்போது கடலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை வேண்டும். டியூப் லைட் மினுக்காமல், மின்விசிறி கடகடக்காமல், வெளிச் சத்தம் அதிகம் வராமல் இருக்க வேண்டும். கூச்சலில் பலருக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கும். இந்தப் பட்டியலும் அவர்கள் போட்டதுதான். மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் பதினொன்று வரை கொடுத்தால் போதும்.