கை ஆக்சிலேட்டர் யாருக்கு உத்தரவிடுகிறது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். மரங்களுக்கு இடையே புகுந்து வருவதற்காக 27 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டர் ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். எந்த வேலையானாலும் ஓட்டுநர் கை ஆக்சிலேட்டரை முழுவதுமாக ஏற்றி வைத்துவிடுகிறார். பக்கத்துத் தோப்புக்காரரோ, பாதிக்கு மேல் ஏற்றினால் டீசல் கொள்ளை போய்விடும் என்று எச்சரிக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று வாசகர் கேட்கிறார். இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பது என் பதில். அந்தக் கைப்பிடி டீசலைத் திறந்துவிடும் குழாய் என்று இருவருமே எண்ணுகிறார்கள்.

டீசல் எஞ்சின் காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது என்பது பள்ளிப் பாடம். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது காற்று வரும் வழியில் உள்ள அடைப்புத் தட்டு ஒன்று திறக்கிறது. டிராக்டரின் டீசல் எஞ்சினில் பொதுவாக அப்படி ஒரு தட்டே கிடையாது. காற்று ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முழு அளவில் உள்ளே வருகிறது; கூடிக் குறைவது டீசல் மட்டுமே. அந்த டீசலையும் கைப்பிடி நேராகக் கட்டுப்படுத்துவதில்லை. இரண்டுக்கும் நடுவே கவர்னர் என்னும் சிறு கருவி இருக்கிறது. என்னைக் கேட்டால், டிராக்டரிலேயே மிக அழகான உறுப்பு அதுதான்.

திருவிழாவில் குடை ராட்டினம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக் கூட, சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் வெளிப்பக்கமாக விரிகின்றன. வேகம் குறைந்ததும் உள்ளே வந்து சேர்கின்றன. இயந்திரக் கவர்னரில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரும்புக் குண்டுகள் அப்படித்தான் விரிந்து சுருங்குகின்றன. அவை விரிந்தால், டீசல் பம்பின் அளவுத் தண்டு நகர்ந்து டீசல் குறைகிறது. அவற்றை விரிய விடாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சுருள்வில் தள்ளுகிறது. வில்லின் கை ஓங்கினால் டீசல் கூடுகிறது. கை ஆக்சிலேட்டர் செய்வதெல்லாம் அந்த வில்லின் இறுக்கத்தை மாற்றுவது மட்டுமே. வில்லை இறுக்கினால் குண்டுகள் அதை வெல்வதற்கு எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். தளர்த்தினால் குறைந்த வேகத்திலேயே வென்றுவிடும். ஆகவே கைப்பிடி கவர்னரிடம் சொல்வது ஒன்றே ஒன்று: ‘இந்தச் சுற்று வேகத்தில் நில், அதற்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்பதை நீயே பார்த்துக்கொள்.’

குண்டுகளை வெளியே தள்ளும் விசை, சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்றாக இருந்த எஞ்சின் 1,650-ஐ எட்டினால் வேகம் 10 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. விசையோ 21 விழுக்காடு கூடிவிடுகிறது. கவர்னர் சிறு மாற்றத்தைக்கூட உடனே உணர்வதற்கு இந்த இருமடிக் கணக்கே காரணம். வரப்பு ஓரத்தில் திரும்புவதற்காகக் கொத்துக் கலப்பையைத் தூக்கும் நொடியை எண்ணிப் பாருங்கள். மண்ணின் எதிர்ப்பு முழுவதும் ஒரே கணத்தில் மறைந்துவிடுகிறது. டீசல் அதே அளவில் போய்க்கொண்டிருந்தால் எஞ்சின் தறிகெட்டுச் சுழன்று தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். ஆனால் நம் காதில் விழுவது ‘உம்’ என்ற ஓசை கொஞ்சம் உயர்ந்து அடங்குவது மட்டுமே. ஓட்டுநர் கைப்பிடியைத் தொடவில்லை; குண்டுகள் விரிந்தன, டீசல் குறைந்தது. கலப்பையை மறுபடியும் இறக்கியதும் இதே காரியம் தலைகீழாக நடக்கிறது.

ஜேம்ஸ் வாட் 1788-இல் இதே குண்டுகளை நீராவி எஞ்சினில் பொருத்தினார். காற்றாலைகளில் அதற்கு முன்பே இந்த உத்தி இருந்தது. சில கவர்னர்கள் ஒரு வேகத்தில் நிலைக்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடின. பழைய ஆயில் எஞ்சினில் தண்ணீர் இறைத்தவர்கள் அந்த ஏற்ற இறக்க ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஊசலாட்டம் எப்போது அடங்கும், எப்போது அடங்காது என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து 1868-இல் கட்டுரை வெளியிட்டவர், மின்காந்தவியலின் தந்தையாக நாம் படிக்கும் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1948-இல் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தகவல்தொடர்பையும் ஆராயும் தம் புதிய துறைக்கு ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்று பெயரிட்டபோது, ‘கவர்னர்’ என்ற சொல் பிறந்த அதே கிரேக்க வேரிலிருந்து அதை எடுத்தார். சுக்கான் பிடிப்பவன் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நம் பழந்தமிழில் மீகாமன். இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 முதல் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அவற்றில் இந்த வேலையைப் பெரும்பாலும் கணினியே செய்கிறது. வாசகரின் மினி டிராக்டரில் இன்னும் குண்டும் வில்லுமாகவே இருக்கக் கூடும்.

கவர்னருக்கு ஓர் இயல்பு உண்டு. கூடுதல் டீசல் கொடுக்க வேண்டுமானால் குண்டுகள் சற்றே சுருங்கியாக வேண்டும். அதற்கு எஞ்சினின் வேகம் சற்றே குறைந்தாக வேண்டும். அதனால் கைப்பிடி ஒரே இடத்தில் இருந்தாலும் சுமை ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்குகிறது. இந்த இறக்கம்தான் ஓட்டுநரின் அளவுகோல். உழுதுகொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சற்று ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் உடனே வேகம் எடுத்தால் அதனிடம் இன்னும் வலு மிச்சம் இருக்கிறது. ஓசை உயராமல் கறும்புகை மட்டும் வந்தால், பம்ப் தன்னால் இயன்ற டீசலை ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டது என்று பொருள். அப்போது கைப்பிடியை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை. கியரைக் குறைக்க வேண்டும், அல்லது கலப்பையின் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

இனி வேலைகளுக்கு வருவோம். இறுகிய மண்ணில் ஆழமாக உழுவதற்கு, கையேட்டில் குறித்துள்ள உச்சத் திறன் வேகத்தை ஒட்டி வைப்பதே சரி. திறன் என்பது திருப்புவிசையையும் (தண்டைத் திருகும் விசை, டார்க்) சுற்று வேகத்தையும் பெருக்கினால் வருவது. டீசல் எஞ்சினின் திருப்புவிசை உச்சத்தை எட்டுவது அந்த வேகத்தில் அன்று, அதற்குக் கணிசமாகக் கீழே. கொழு வேரில் மாட்டி வேகம் இறங்கும்போது திருப்புவிசை ஏறுவதால், எஞ்சின் தானாகவே சமாளித்து மீள்கிறது. தொடக்கத்திலேயே திருப்புவிசை உச்சத்தை எட்டும் வேகத்துக்குக் கீழே வைத்து ஓட்டினால், சிறு தடை வந்தாலும் வேகமும் விசையும் சேர்ந்தே இறங்கி எஞ்சின் நின்றுவிடும்.

சுழலும் கத்திகளால் மண்ணை வெட்டிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஆஸ்திரேலியாவின் கில்கண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்ட் 1912-இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த கருவி அது. மண் எவ்வளவு பொடியாகும் என்பதை, ஒரு கத்தி வெட்டியதற்கும் அடுத்த கத்தி வெட்டுவதற்கும் இடையே டிராக்டர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. சுழல் தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது, ஒரே தடத்தில் 3 கத்திகள் வெட்டுகின்றன என்று கொள்வோம். நொடிக்கு 10 வெட்டுகள் விழும். டிராக்டர் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெட்டுக்கு வெட்டு ஏறக்குறைய 5.6 சென்டிமீட்டர், 4 கிலோமீட்டரில் போனால் 11 சென்டிமீட்டர். இப்போது அதே கியரில் கை ஆக்சிலேட்டரை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் பின் சக்கரமும் ஒரே எஞ்சினிலிருந்து பல்சக்கரங்கள் வழியாகச் சுழல்வதால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. சக்கர வழுக்கலைத் தவிர்த்துப் பார்த்தால் வெட்டின் நீளம் மாறுவதே இல்லை. மண்ணைப் பொடியாக்கும் கைப்பிடி கியர்தான். ‘ரேஸ் ஏற்றினால் மண் மாவாகும்’ என்று சொல்பவர்கள் அதே கியரில் முன்நகர்வும் கூடுவதைக் கவனிப்பதில்லை. கத்தி மண்ணை அடிக்கும் வேகம் மட்டும் மாறும். வறண்ட கட்டிகளை உடைக்க அந்த வேகமும் தேவை. ஆகவே, பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்படி, மீட்டரில் அதற்கான குறியில் எஞ்சினை வைத்துவிட்டு, பொடியின் அளவைக் கியரால் தேர்ந்தெடுங்கள்.

தென்னை மட்டையைத் தூளாக்கும் கருவிக்கு 540 கட்டாயம். அங்கே வெட்டுவது சுழலும் கத்திகளில் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல். அதுவும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆற்றல் 64 விழுக்காடாக இறங்கி, மட்டை நறுங்காமல் சிக்கிக்கொள்ளும். குழி துளைக்கும் கருவிக்கு இதற்கு நேர்மாறாகக் குறைந்த வேகமே நல்லது. துளைப்பான் வேரில் சிக்கினால் நிறுத்த நேரம் கிடைக்கும். ஹைட்ராலிக் தூக்கியில் நொடிக்கு எவ்வளவு எண்ணெய் பாய்கிறது என்பது எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. தூக்கும் எடையின் எல்லையை அழுத்த வால்வே வரையறுக்கிறது. ரேஸ் ஏற்றினால் சுமை விரைவாக எழுமே தவிர, எழாத சுமை எழாது.

பக்கத்துத் தோப்புக்காரரின் சொல் பலிக்கும் இடம், களை எடுக்க மேலாகக் கீறுவது, காலி டிரெய்லரை இழுப்பது போன்ற இலகுவான வேலைகள். பிஸ்டனின் வீச்சு 90 மில்லிமீட்டர் என்றால், 2,400 சுற்றில் அது சராசரியாக நொடிக்கு 7.2 மீட்டர் வேகத்தில் உரசுகிறது. 1,500 சுற்றில் 4.5 மீட்டர். இலகுவான வேலைக்கு 2,400-இல் ஓட்டும்போது டீசலின் பெரும்பகுதி எஞ்சின் தன்னையே சுற்றிக்கொள்வதற்குச் செலவாகிறது. ஒரு கியரைக் கூட்டி, ரேஸைக் குறைத்தால் அதே நடைவேகம் குறைந்த டீசலில் கிடைக்கும். 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்துவரும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், பகுதிச் சுமையை முழு வேகத்திலும் குறைத்த வேகத்திலும் தனித்தனியே அளந்து வெளியிடுகிறது. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் நடுவண் அரசின் சோதனை நிலையம் இருக்கிறது. அதன் அறிக்கைகளிலிருந்து ஒவ்வொரு மினி டிராக்டருக்கும் ஒரு பக்க அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு உழவர் கையில் சேர்ப்பதற்குப் பொதுப்பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சோதனைக்குச் செலவிட்டுவிட்டு, அதன் முடிவை உழவருக்குப் புரியாத மொழியில் விட்டுவைப்பது பாதி வேலை.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. குளிர்விக்கும் விசிறியும் எண்ணெய்ப் பம்பும் எஞ்சினோடு சேர்ந்தே மெதுவாகின்றன. உச்சத் திறன் வேகத்தின் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டுச் சுமை ஏற்றினால் எஞ்சின் திணறும், சூடேறும், தாங்கிகள் தேயும்.

வாடகைக்கு ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கேபிளால் இயங்கும் பழைய மணி மீட்டர் உண்மையில் எண்ணுவது எஞ்சினின் சுற்றுகளை. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டுமே அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணியோடு ஒத்துப்போகும். முழு ரேஸில் அது கடிகாரத்தை முந்திவிடும். அந்த மீட்டரைப் பார்த்து வாடகை கொடுப்பதைவிட ஏக்கர் கணக்கில் பேசிக்கொள்வது நியாயமானது.

கடைசியாக, தோப்பிலிருந்து சாலைக்கு ஏறும் முன் ஓட்டுநர் கை ஆக்சிலேட்டரை முழுவதும் இறக்கிவிட்டுக் கால் மிதியால் மட்டுமே ஓட்ட வேண்டும். கைப்பிடி ஏறியிருக்கும்போது கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்தால் எஞ்சினின் வேகம் இறங்கும், குண்டுகள் சுருங்கும், வில் தள்ளும். பிரேக்குக்கும் மண்கட்டிக்கும் வேறுபாடு அறியாத கவர்னர், நீங்கள் நிறுத்த முயலும் அந்த நேரத்தில் கூடுதல் டீசலைக் கொடுக்கத் தொடங்கிவிடும்.