ஒரு வீடு மட்டும் நிறுத்த முடியாது

வரதட்சிணையைத் திட்டாத அப்பா நம் ஊரில் கிடையாது. ஆனால் சொந்த மகளுக்கு வரன் வந்ததும், "நாம மட்டும் போடாம இருந்தா பொண்ணுல்ல கஷ்டப்படும்" என்று நகைக்கடை வாசலில் போய் நிற்பார். அவர் கெட்டவர் இல்லை, விவரம் தெரியாதவரும் இல்லை. தனியாக விலகினால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது மகள் என்பது அவருக்குத் தெரியும். பெண்ணுறுப்புச் சிதைப்பு என்கிற கொடுமை இத்தனை தலைமுறை எப்படி நீடித்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் சிறுமிகளின் வெளிப்புறப் பிறப்புறுப்பை ஓரளவோ முழுவதுமோ வெட்டுவதுதான் இந்தச் சடங்கு. உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் கொடியது மூன்றாவது. வெட்டியபின் இரு பக்கத் தோலையும் ஒட்டவைத்து, சிறுநீரும் மாதவிடாய் இரத்தமும் வெளியேற ஒரு சிறு துவாரம் மட்டும் விடுவார்கள். சோமாலியாவிலும் சூடானிலும் இந்த வகை பரவலாக இருந்திருக்கிறது. வெட்டிய இடத்தில் வளரும் தழும்புத் திசு, இயல்பான திசுவைப் போல விரிந்து கொடுக்காது. பிரசவ நேரத்தில் இது ஆபத்தாகிறது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. மூன்றாவது வகைக்கு ஆளான பெண்களுக்குச் சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு சுமார் 30 சதவீதமும், பிரசவத்துக்குப் பின் கடும் இரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு சுமார் 70 சதவீதமும் அதிகமாக இருந்தன. பிறக்கும் குழந்தைகளின் சாவும் கூடியிருந்தது.

இந்த வலியை யாரும் போய் அந்தத் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களே அனுபவித்தவர்கள். யுனிசெஃபின் 2024 கணக்குப்படி இன்று உயிரோடிருக்கும் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இதற்கு ஆளானவர்கள். இந்த வழக்கம் உள்ள ஆப்பிரிக்க, மத்திய கிழக்கு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இது ஒழிய வேண்டும் என்றே சொல்கிறார்கள். பிறகும் ஏன் கத்தி கீழே விழவில்லை?

ஜெர்ரி மேக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-இல் ஒரு பதிலை முன்வைத்தார். மகளுக்கு வரன் கிடைக்காதே என்ற பயத்தில் எந்த வீடும் தனியாக விலகத் துணிவதில்லை என்பதே அது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று சீனாவில் இருந்தது. அங்கே சிறுமிகளின் பாதங்களை வளரவிடாமல் கட்டி ஒடுக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. பீகிங்குக்குத் தெற்கே டிங்சியான் என்ற கிராமப்புற வட்டாரத்தில் 1889-இல் 99 சதவீதப் பெண்களின் பாதங்கள் கட்டப்பட்டிருந்தன. 1919-இல் புதிதாக ஒரு சிறுமிக்குக்கூடக் கட்டவில்லை. ஆயிரம் ஆண்டுப் பழக்கம் ஒரே தலைமுறையில் போய்விட்டது! அதைச் சாதித்த சங்கங்களில் சேரும் பெற்றோர் இரண்டு உறுதிமொழி எடுக்க வேண்டும். எங்கள் மகளுக்குப் பாதம் கட்டமாட்டோம். பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கமாட்டோம். விஷயமே அந்த இரண்டாவது உறுதிமொழியில்தான் இருக்கிறது. பாதம் கட்டாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு தயாராக இருக்கிறது என்று ஆனபின், எந்தத் தாய்க்கும் மகளை அழவைக்கக் காரணம் இல்லை.

மேக்கி ஏட்டில் எழுதியதை, அவர் பெயரே கேள்விப்படாத ஒரு முதியவர் செனகலில் நடத்திக் காட்டினார். 1997 ஜூலை 31 அன்று மாலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், இனி எங்கள் பிள்ளைகளை வெட்டமாட்டோம் என்று ஊரறிய அறிவித்தார்கள். தொஸ்தான் என்ற அமைப்பு அவர்கள் தாய்மொழியிலேயே நடத்திய வகுப்புகளில் உடல்நலமும் உரிமையும் பேசிப்பேசி எட்டிய முடிவு அது. அக்கம்பக்கத்து ஊர்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசின. அப்போதுதான் கேர் சிம்பாரா ஊர்ப் பெரியவர் தெம்பா தியாவரா ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பல ஊர்களோடு. சொந்தபந்தம் முழுதும் ஒத்துக்கொள்ளாமல் ஓர் ஊர் மட்டும் எப்படி நிறுத்தும்? முதலில் தயங்கியவர்தான் அவர். பெண்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுத் தெளிந்தபின், உறவுக்காரர்கள் வாழும் ஊர் ஊராக நடந்தே போனார். யாரையும் பழிக்கவில்லை, உட்கார்ந்து பேசினார், அவர்கள் பேசியதையும் கேட்டார். 1998 பிப்ரவரியில் தியாபுகு என்ற ஊரில் 13 கிராமங்கள் ஒன்றுகூடி வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தன. பின்னர் ஆயிரக்கணக்கான ஊர்கள் அந்த வழியில் வந்தன.

அழகான கதைதான். ஆனால் எல்லா இடத்துக்கும் இதே கணக்கு பொருந்தாது என்பதையும் அறிவியல் காட்டியிருக்கிறது. செனகலிலும் காம்பியாவிலும் மானுடவியலாளர் பெட்டினா ஷெல்-டங்கன் குழுவினர் கேட்டறிந்தபோது, நெருக்கடி மாப்பிள்ளை வீட்டு ஆண்களிடமிருந்து வருவதைவிடப் பெண்களுக்குள்ளேயே அதிகம் என்று தெரிந்தது. வெட்டப்படாத பெண்ணை மண்டிங்கா மொழியில் 'சொலிமா' என்பார்கள். அறியாதவள், மரியாதை தெரியாதவள் என்ற வசையும் அந்த ஒரே சொல்லில் சேர்ந்தே வரும். புகுந்த வீட்டில் மாமியாரும் ஓரகத்திகளும் அந்தச் சொல்லால் குத்துவார்களே என்றுதான் தாய் பயப்படுகிறாள்.

சூடானின் கெசிரா மாநிலத்தில் 45 ஊர்களை ஆராய்ந்தவர்கள் 2015-இல் இன்னொன்றைச் சொன்னார்கள். ஊர் முழுக்க வெட்டும் அல்லது ஊர் முழுக்க வெட்டாது என்பதில்லை. ஒரே ஊரில் இரண்டு வகை வீடுகளும் கலந்தே இருந்தன. அப்படியானால் ஊர்கூடி எடுக்கும் உறுதிமொழி மட்டும் போதாது, வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதத்துக்குள்ளும் நுழைய வேண்டும். அதற்காக அதே குழு, ஒரு கூட்டுக்குடும்பத்தில் மகளை வெட்டலாமா கூடாதா என்று சொந்தங்கள் மோதிக்கொள்ளும் கதையைப் படமாக்கி மக்களுக்குக் காட்டியது. பார்த்தவர்களின் மனம் வெட்டப்படாத சிறுமிகள் பக்கம் இளகியதை அளந்தும் காட்டியது.

சட்டம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். விலக நினைக்கும் தாய்க்கு "சட்டம் விடாது" என்று மாமியாரிடம் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கிறது. அது சின்ன உதவி இல்லை. காம்பியா 2015-இல் தடை கொண்டுவந்தது. அதை நீக்க வந்த மசோதாவை 2024 ஜூலையில் நாடாளுமன்றம் நிராகரித்தபோது எனக்கு மூச்சே திரும்பி வந்தது போல இருந்தது.

தமிழ் பேசும் வீடுகளுக்கும் இது அந்நியமில்லை. இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினரிடம், பிறந்து சில வாரங்களே ஆன பெண்குழந்தைக்கு 'ஒஸ்தா மாமி' என்று அழைக்கப்படும் பெண் வந்து இந்தச் சடங்கைச் செய்துவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று இலங்கைச் சுகாதார அமைச்சு 2018-இல் சுற்றறிக்கை விட்டது. ஒஸ்தா மாமிக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேராது. கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதால் பக்கத்து வீட்டில் நிறுத்திவிட்டார்களா என்றுகூடத் தெரியாது. வளர்ந்தபின் அந்தப் பெண்ணுக்கே ஞாபகம் இருக்காது. தனக்கு நடந்ததா என்று அவள் தாயிடம்தான் கேட்க வேண்டும்.