சுட்டாலும் பழத்தின் சர்க்கரை எரிந்துவிடாது

கிருஷ்ணகிரியில் நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு மே, ஜூன் மாதங்கள் கடினமானவை. மாந்தோப்பு வைத்திருப்பவர் வீட்டில் கூடை கூடையாகப் பழம் இருக்கிறது. தோப்பு இல்லாதவர் வீட்டுக்கு வரும் உறவினர் ஒரு பை செந்தூரா மாம்பழமோ பெங்களூராவோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். பழத்தைத் தொடவே கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால், பழத்தைத் தணலில் சுட்டால் அதிலுள்ள சர்க்கரை எரிந்து போய்விடும், ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்க்காமல் சாப்பிடலாம் என்றொரு நம்பிக்கை இந்தக் கோடையில் பரவியிருக்கிறது. மூன்றே வாரங்களில் இதே காரணத்தைச் சொன்ன நான்காவது நோயாளியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த நான்காவது நோயாளி ஒரு மாந்தோப்பு உரிமையாளர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்குக் கொண்டுவந்த கம்பி அடுப்பில், மொட்டை மாடியில் வைத்து, மாங்கதுப்பும் அன்னாசியும் சுட்டு, மேலே தேன் ஊற்றிக் குடும்பமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்படியே நான்கு நாட்கள். மூன்று மாதங்களாகக் கட்டுக்குள் இருந்த அவருடைய இரத்தச் சர்க்கரை, உணவுக்குப் பின் 340-ஐத் தாண்டியிருந்தது. “சுட்டுத்தானே சாப்பிட்டேன் டாக்டரம்மா, கறுக்கக் கறுக்கச் சுட்டேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பியிருக்கிறார். என் வருத்தமும் அதுதான்.

மாம்பழத்தின் மேல் விழும் அந்தக் கறுப்புக் கோடு சர்க்கரை கருகியதால் வருவதுதான். ஆனால் கருகுவது நகக்கனம்கூட இல்லாத மேற்பரப்பு மட்டுமே. பழத்தின் உள்ளே நீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; சாதாரணச் சர்க்கரை கருகத் தொடங்குவதற்கோ ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும். எனவே அடுப்பில் பழம் இழப்பது நீரைத்தான். என் வீட்டுச் சமையல் தராசில் 150 கிராம் மாந்துண்டுகளை எடை பார்த்துச் சுட்டேன்; எட்டு நிமிடங்களில் 120 கிராம் ஆயின. அந்த 150 கிராமில் இருந்த சுமார் 20 கிராம் சர்க்கரை, இப்போது சிறிதான, மென்மையான, இன்னும் எளிதாக விழுங்கிவிடக்கூடிய துண்டுகளில் அப்படியே இருக்கிறது. கரும்புச் சாற்றை ஆலைக் கொட்டகையில் மணிக்கணக்கில் காய்ச்சுவதை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. சூட்டில் சர்க்கரை போய்விடுமென்றால் கொப்பரையில் வெல்லம் எப்படித் திரளும்? நம் ஊரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளிலும் கூழைச் சூடேற்றித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். அதன் இனிப்பு எங்கே போயிற்று? நிலக்கடலையை வறுத்தால் எண்ணெய் போய்விடும் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். பழத்துக்கு மட்டும் ஏன் வேறொரு கணக்கு?

இதன் மேல் தேன் வேறு. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாட்டுச்சர்க்கரைக்கும் இதில் விலக்கு இல்லை.

இன்னொரு செய்தி இதைவிட என்னைப் பயமுறுத்தியது. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை இரவு பதினொரு மணிக்கு அழைத்து வந்தார்கள். உடல் முழுவதும் வியர்வை, கை நடுக்கம், பேச்சில் குழப்பம். சர்க்கரை அளவு 52. மாலையில் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தவர், கையைத் துணியில் துடைத்துவிட்டு வீட்டுக் கருவியில் சோதித்திருக்கிறார். அது 480 காட்டியதும் அஞ்சி, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, இரவு உணவையும் தவிர்த்துவிட்டார். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் பழச்சாறே அந்தக் கருவியைப் பொய் சொல்ல வைக்கப் போதும். மருத்துவமனைப் பஞ்சால் துடைப்பதும் சில நேரங்களில் போதாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே விரலைக் குத்த வேண்டும். எண் அதிகமாக வந்தால் கழுவிவிட்டு மறுபடி சோதியுங்கள்; மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் போன்ற தாழ்சர்க்கரை (சர்க்கரை மிகவும் குறைந்துபோவது) அறிகுறி தெரிந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்துச் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சுட்ட பழம் கெட்ட உணவு அல்ல. நீரிழிவு உள்ளவர் முழுதும் பழுக்காத, செங்காய்ப் பதத்துப் பெங்களூராவில் அரைக் கதுப்பை எடுத்துக்கொள்ளலாம். சூடான தோசைக்கல்லில் ஒரு துளி நெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, மூன்று நிமிடங்கள் புரட்டாமல் விடுங்கள். பழம் தானாகக் கல்லைவிட்டு விலகும். எலுமிச்சைச் சாறும் மிளகும் போதும், தேன் வேண்டியதில்லை. இதை உணவுக்குப் பிந்தைய இனிப்பாக வைக்காமல், முற்பகல் பதினொரு மணிக்குத் தனிச் சிற்றுண்டியாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்கள் வாழைப்பழத்தைச் சுட்டுச் சாப்பிடும் முன் என்னைக் கேளுங்கள். வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்றப் பழுதான சிறுநீரகம் திணறும்; சுடுவதால் அது குறைவதில்லை.

கல் வைத்துப் பழுக்க வைத்த பழமானாலும் சுட்டுவிட்டால் தீங்கு போய்விடும் என்றும் சிலர் கேட்கிறார்கள். போகாது. தடைசெய்யப்பட்ட அந்தக் கார்பைடு கல்லில் கலந்திருக்கக்கூடிய ஆர்சனிக்கை நெருப்பு அழிப்பதில்லை. எத்திலீன் வாயுவில் பழுக்க வைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதற்கு அஞ்ச வேண்டாம்.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் ஒருபோதும் மூட்டாதீர்கள். எரியும் தணலில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சுட்ட அன்னாசியின் உள்ளே தேங்கும் சாறு நாக்கைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கு ஐந்து நிமிடம் ஆறவைத்துக் கொடுங்கள்.

இந்தப் பருவத்தில் பழம் சாப்பிடும் நாட்களில், எவ்வளவு சாப்பிட்டீர்கள், இரண்டு மணி நேரம் கழித்துக் கழுவிய விரலில் எவ்வளவு காட்டியது என்று குறித்து வாருங்கள். தோப்புக்காரர் இப்போது அப்படித்தான் எழுதுகிறார். நேற்று அவர் காட்டிய பக்கத்தில் “அரைக் கதுப்பு, தேன் இல்லை, 168” என்று இருந்தது.