கேஷுவாலிட்டி: ஒரு சொல்லும் ஒரு படிப்பும்

"கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போங்க" என்றால் தமிழ்நாட்டில் யாரும் பொருள் கேட்பதில்லை. ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரியும், 108 ஊழியருக்குத் தெரியும், ஆஸ்பத்திரி வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். எந்த நேரத்திலும் சீட்டு இல்லாமல், வரிசை இல்லாமல் நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அது. இவ்வளவு புழங்கிய சொல்லுக்கு வேர்ப்பொருள் என்ன, சரியான தமிழ் எது என்று பார்க்கப் போனால், அவசர மருத்துவம் என்ற படிப்பு ஏன் இவ்வளவு தாமதமாகப் பிறந்தது என்ற கதையும் சேர்ந்தே வருகிறது.

லத்தீனில் 'காதெரெ' என்றால் விழு. அதிலிருந்து வந்த 'காசுஸ்' என்பது விழுகை, எதிர்பாராமல் வந்து விழுந்தது, தற்செயல். ஆங்கிலத்தில் கேஷுவாலிட்டிக்கு முதலில் இருந்த பொருளும் தற்செயல்தான். பிறகு எதிர்பாராத கேடு என்றானது. அதன்பின் போரில் இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் எண்ணும் சொல்லாகப் படைக்குள் போனது. நம் அலுவலகங்களில் எழுதிக் கொடுக்கும் 'கேஷுவல் லீவ்' இதே வேரிலிருந்து வந்ததுதான். அதற்கு 'தற்செயல் விடுப்பு' என்று அரசு வைத்த தமிழ், வேர்ப்பொருளை அப்படியே பிடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குள் இந்தச் சொல் நுழைந்தது இங்கிலாந்தில். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பல மருத்துவமனைகள் நன்கொடையில் நடந்தன. உள்ளே சேர வேண்டுமானால் நன்கொடையாளர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவரும் வண்டிச் சக்கரத்தில் கால் மாட்டியவரும் கடிதம் தேடிக்கொண்டு போக முடியாது. அவர்களைக் கடிதம் இல்லாமலே எடுத்துக்கொண்டார்கள். முறைப்படி வராமல் தற்செயலாக வந்தவர்களுக்கான இடம், ஆகவே கேஷுவாலிட்டி.

வருகிறவர் தற்செயலாக வருகிறார் என்பதில் குறையில்லை. பார்க்கிற மருத்துவரும் தற்செயலாக அமைந்ததுதான் கோளாறு. லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவர் ராபர்ட் பிரிட்ஜஸ். பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனவர். தாம் ஒருவரே ஓராண்டில் 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்ததாகவும், ஆளுக்குச் சராசரியாக ஒன்றே கால் நிமிடம்தான் கிடைத்ததாகவும் 1878இல் கணக்குப் போட்டு எழுதினார். அந்தக் கணக்கைப் படித்தும் நிலைமை லேசில் மாறவில்லை. அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் அந்த அறையில் நின்றவர்கள் பெரும்பாலும் படிப்பை முடித்துப் புதிதாக வந்தவர்கள்தான். அனுபவம் உள்ளவர் வார்டில் இருப்பார். உயிர் போகும் நிலையில் வருபவரை ஆகக் குறைந்த அனுபவம் உள்ளவர் பார்ப்பார். இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1962இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, கேஷுவாலிட்டி என்ற பெயரை விட்டுவிட்டு 'விபத்து, அவசரப் பிரிவு' என்று வைக்கச் சொன்னது. பொறுப்புக்கு மூத்த மருத்துவர் வேண்டும் என்றும் கேட்டது. அமெரிக்காவில் 1961இல் வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் ஜேம்ஸ் மில்ஸும் இன்னும் சில மருத்துவர்களும் சொந்த கிளினிக்கை விட்டுவிட்டு, முழுநேரமும் அவசரப் பிரிவிலேயே வேலை பார்க்க முடிவெடுத்தார்கள். 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவத்துக்கென்றே முதுநிலைப் பயிற்சி தொடங்கியது. 1979இல் தனித்துறை என்ற அங்கீகாரமும் கிடைத்தது. இந்தியாவில் மருத்துவ கவுன்சில் அதைத் தனித்துறையாக ஏற்றது 2009இல்.

சரி, தனியாகப் படிக்க அதில் என்ன இருக்கிறது? எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு எல்லாம் தெரியுமே என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. தெரிவது ஒன்று, எந்த வரிசையில் செய்வது என்பது இன்னொன்று. கல்லூரியில் சொல்லிக் கொடுக்கும் வரிசை இது: நோய் வரலாறு கேள், உடலைப் பரிசோதி, டெஸ்ட் எடு, நோயைக் கண்டுபிடி, பிறகு மருந்து கொடு. அவசரப் பிரிவில் இதைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும். என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்து, குறை தென்பட்ட இடத்திலேயே சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

இந்த வரிசை உலகம் முழுக்கப் பாடமானதற்கு ஒரு துயரம் காரணம். 1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். அவருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் காயம். வயலில் கையில் ஒன்றும் இல்லாமல் தாம் கொடுத்த முதலுதவியைவிட, பக்கத்து ஊர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை மோசமாக இருந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அங்கிருந்த மருத்துவர்களுக்கு இதில் பயிற்சியே இல்லை. அதன் விளைவாக 1978இல் அடிபட்டவரைக் கையாள மருத்துவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு உருவானது. ஏ.டி.எல்.எஸ். என்று இன்று இங்குள்ள மருத்துவர்களும் போய்ப் படித்து வருவது அதைத்தான்.

நம் ஊரில் இது எப்படி இருக்கும்? இரவில் பைக்கிலிருந்து விழுந்த இளைஞனை ட்ராலியில் கிடத்தியிருக்கிறார்கள். டூட்டி டாக்டர் முன்னால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு. பெயர், வயது, கூட்டி வந்தவர் யார், எங்கே எத்தனை மணிக்கு, அங்க அடையாளத்துக்கு மச்சம் எங்கே, காயம் எத்தனை சென்டிமீட்டர் நீளம்? இது கோர்ட்டுக்குப் போகும் காகிதம், எழுதித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் அந்தப் பையனிடமிருந்து குறட்டைச் சத்தம் வருகிறது. வாயில் மது வாடையும் அடிக்கிறது. "குடிச்சிருக்கான், தூங்குறான் டாக்டர்" என்கிறார் கூட வந்தவர். தலையில் அடிபட்டு நினைவு தப்பியவனின் குறட்டை தூக்கம் இல்லை. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிற சத்தம் அது. பயிற்சி உள்ள மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தை அசைக்காமல் தாடையை முன்னால் தள்ளிப் பிடிப்பார். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கை தானாகப் போகும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் வர எத்தனை நாள் கொடுக்கிறோம்? மருத்துவ கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிகளின்படி, ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டில் கேஷுவாலிட்டிக்கு ஒதுக்கியிருந்தது 15 நாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். பதினைந்து நாளில் அது நுழையப் பழகாது. அவசரப் பிரிவுப் பயிற்சியை மாதக்கணக்கில் நீட்டி, பொம்மை உடலில் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நின்று திருத்தும்படி மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. அப்புறம்தான் தனியாக இரவு டூட்டி.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அகராதியைப் பார்த்து 'உயிர்ச்சேதம்', 'இழப்பு' என்று எழுதுவது செய்திக்குப் பொருந்தும், இடத்துக்குப் பொருந்தாது. 'விபத்துப் பிரிவு' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. அடிபட்டவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. நெஞ்சுவலி, பாம்புக்கடி, திடீரென்று கைகால் இழுத்துக்கொள்வது எல்லாம் நேராக அங்கே போக வேண்டியவை. பெயரைப் பார்த்துவிட்டு "நமக்கு ஆக்சிடென்ட் இல்லையே" என்று ஓ.பி. வரிசையில் நிற்பவர் இழக்கும் அரைமணி நேரம் திரும்பி வராது. 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்பது ஐ.சி.யு. இரண்டையும் மாற்றி எழுதும் தவறு நாளிதழ்களில்கூட வருகிறது.

ஆக, இடத்துக்கு 'அவசர சிகிச்சைப் பிரிவு', படிப்புக்கு 'அவசர மருத்துவம்'. 'நெருக்கடி மருத்துவம்' என்று எழுதுவோரும் உண்டு. நெருக்கடி என்றால் நமக்கு 1975இன் நெருக்கடி நிலையையும் பணமுடையையும் நினைவூட்டுவதால் அது ஒட்டவில்லை. அவசரம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் தக்க தருணம், வாய்ப்பு. மலையாளத்தில் இன்றும் அவசரம் என்றால் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. தமிழில் அது உடனே செய்தாக வேண்டிய நிலை என்றாகிவிட்டது. காயம்பட்டவருக்குத் தேவைப்படுவது சரியாக அதுதான் என்பதால் இந்தச் சொல்லை முழு மனதோடு ஏற்கிறேன். படித்தவரை 'அவசர மருத்துவர்' என்றால் அவசரப்படும் மருத்துவர் என்றும் தொனிக்கும். 'அவசர மருத்துவ நிபுணர்' என்று எழுதலாம். வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் 'ட்ரையாஜ்' என்பதற்கு 'முன்னுரிமைப் பிரிப்பு' போதும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்களே, அதேதான்.

பேச்சில் கேஷுவாலிட்டி என்றே சொல்லுங்கள், ஓட்டுநருக்குப் புரிவதுதான் அந்த நேரத்தில் முக்கியம். பலகையில், பாடப்புத்தகத்தில், செய்தியில் எழுதும்போது 'அவசர சிகிச்சைப் பிரிவு' என்று எழுதுங்கள். பலகையாக இருந்தால், கீழே சின்ன எழுத்தில் 'நெஞ்சுவலி, விஷக்கடி, வலிப்பு, விபத்து: நேராக உள்ளே வரவும்' என்றும் சேர்த்துவிடுங்கள்.