கஞ்சி நீர்த்தால் சத்தும் நீர்க்கும்

அங்கன்வாடியில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு மாவு கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில், அந்த மாவில் எவ்வளவு குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது என்பதைக் கஞ்சியின் பதமே தீர்மானிக்கிறது.

எட்டுக் கிலோ எடையுள்ள ஒன்பது மாதக் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிலிட்டர்தான் கொள்ளும். தாய்ப்பால் போக, நாளொன்றுக்குச் சுமார் 300 கிலோகலோரி ஆற்றல் அதற்கு வேண்டும். மாவைக் காய்ச்சும்போது அதிலுள்ள மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாக இறுகிவிடுவதால், விழுங்கும் பதத்துக்குக் கொண்டுவரத் தாய் மேலும் நீர் ஊற்றுகிறார். அப்படி நீர்த்த கஞ்சியில் ஒரு மில்லிலிட்டருக்கு அரைக் கிலோகலோரி கூட இருப்பதில்லை. வசதியுள்ள வீட்டில் நெய்யும் பாலும் இக்குறையை ஈடுசெய்யும். இல்லாத வீட்டுக் குழந்தைக்கோ வயிறு நிறைந்தும் ஆற்றல் போதாது.

இதற்கான தீர்வு நம் சமையலறைகளில் பழகியதுதான். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டும்போது, வளரும் முளைக்கு உணவளிப்பதற்காகத் தானியத்தில் அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. முளைத்த தானியத்தை உலர்த்தி அரைத்த மாவைச் சிறிதளவு சேர்த்தாலே, இந்நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டித்து, கெட்டியான கஞ்சியை இளக்கிவிடுகிறது. ஆகவே அதே இளகிய பதத்தில் ஏறத்தாழ இரு மடங்கு மாவைக் கரைத்து ஊட்ட முடிகிறது. கொதிநிலையில் நொதி சிதைந்துவிடும் என்பதால், கஞ்சி சற்று ஆறிய பின்பே இம்மாவைச் சேர்க்க வேண்டும். மாவைக் கருக வறுத்தாலும் பயனில்லை.

ஆனால் நொதி கஞ்சியை இளக்குமே தவிர, இரும்புச்சத்தையோ வைட்டமின் ஏ சத்தையோ புதிதாகத் தராது. அவற்றுக்குக் கீரையும் முட்டையும் வேண்டும்; தமிழக அங்கன்வாடிகளில் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு முட்டை வழங்குவது அவ்வகையில் மிகச் சரியான முடிவு.

அதற்கும் இளைய குழந்தைகளின் நிலைதான் சிக்கலானது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு நாளுக்கு 500 கிலோகலோரி தரும் உணவை உரிமையாக்கினாலும், அது பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாவாகவே வழங்கப்படுகிறது. வீட்டுக்குப் போகும் மாவு மூத்த பிள்ளைகளுக்கும் பங்காகும். சிறிய இரைப்பைக்கு நாளில் மூன்று நான்கு வேளை ஊட்ட வேண்டியிருக்க, கூலி வேலைக்குச் செல்லும் தாய் பகலில் அருகில் இருப்பதில்லை. அங்கன்வாடியுடன் குழந்தைகள் காப்பகத்தையும் இணைக்கும் மத்திய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதக் குழந்தையையும் ஏற்றுக்கொள்வதால், அத்தகைய மையங்களில் கஞ்சியை அங்கேயே சரியான பதத்தில் காய்ச்சி, வேளை தவறாமல் ஊட்ட முடியும்.